முத்தம்மா கேட்ட நியாயம்



விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். மகள் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். சிவில் சர்வீஸ் பரீட்சை எழுதப்போகிறாளாம். அதுவரை அம்மாவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் பெண்ணுக்குக் கலெக்டர் ஆகும் ஆசை இல்லை. வெளியுறவுப் பணியில் சேர்ந்து ஒருநாள் தூதர் ஆகவேண்டும் என்கிறாள். “கலெக்டர் என்றால் ஏதோ ஒரு மாவட்டத்தில் இருப்பாள், பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இது நாடு நாடாகப் போகிற வேலை. கல்யாணம் பண்ணிக் கொடுத்தால் இந்த வேலை என்ன ஆகும்? வேலையே பெரிதென்று இருந்தால் கல்யாணம் என்ன ஆகும்?” என்று கேட்டிருக்கிறார்.

கடிதப் பகுதியில் நாலு வரியில் பதில் சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை. அதனால் இந்த மாதம் என் பக்கத்தை அந்தக் கேள்விக்கே கொடுத்துவிட்டேன். அக்டோபர் மாதமும் அதற்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. இந்திய வெளியுறவுப் பணி என்ற அமைப்பை உருவாக்க முடிவெடுத்தது 1946 அக்டோபர் 9-ல். அந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா மறைந்தது 2009 அக்டோபர் 14-ல். தூதர் ஆவது எப்படி என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான்.

அந்தத் தாயின் கேள்விக்கு ஒரு காலத்தில் இந்திய அரசிடம் எழுத்திலேயே பதில் இருந்தது. 1961-ஆம் ஆண்டின் வெளியுறவுப் பணி நடத்தை விதிகளில் 8(2) என்று ஒரு பிரிவு. பணியில் இருக்கும் பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ளும் முன் அரசின் எழுத்துபூர்வ அனுமதியைப் பெறவேண்டும். திருமணத்துக்குப் பிறகு, அவருடைய குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடைஞ்சலாகும் என்று அரசு கருதினால், எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா செய்யச் சொல்லலாம். நியமனம், பதவி உயர்வு பற்றிய விதிகளில் இன்னொரு பிரிவு, 18(4). மணமான பெண் எவரும் இந்தப் பணியில் நியமனம் பெறுவதை உரிமையாகக் கோர முடியாது என்றது அது. ஆண் அதிகாரிகளுக்கு இப்படி எந்த நிபந்தனையும் கிடையாது. அவர்களுக்கும் மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர் எல்லாரும் இருந்தார்கள்.

அதே 1961-ல்தான் உலக நாடுகள் வியன்னாவில் கூடி, தூதரக உறவுகள் பற்றிய உடன்படிக்கையை எழுதின. தூதராக வருபவர் ஆணா பெண்ணா, மணமானவரா ஆகாதவரா என்று அதில் எங்கும் கேட்கவில்லை. நம் விதிப் புத்தகம் கேட்டது.

சோனிரா பெல்லியப்பா முத்தம்மா 1924 ஜனவரி 24-ல் குடகு நாட்டு விராஜ்பேட்டையில் பிறந்தவர். தந்தை வனத்துறை அதிகாரி. முத்தம்மாவுக்கு ஒன்பது வயதாகும்போது அவர் காலமானார். நான்கு பிள்ளைகளையும் படிக்கவைத்தே தீருவது என்று நின்றவர் தாய். 1930-களில், கணவனை இழந்த ஒரு பெண் மகள்களையும் மகன்களையும் ஒன்றுபோல் படிக்கவைப்பது என்றால் அதற்கு எவ்வளவு வைராக்கியம் வேண்டும் என்பது நம் பாட்டிகளைக் கேட்டால் தெரியும். மடிக்கேரியில் பள்ளிப்படிப்பு முடிந்ததும் முத்தம்மா சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கத்தில் இருக்கும் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டப்படிப்பு. பிறகு கடற்கரைக்கு எதிரே மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. இந்தியாவின் முதல் பெண் ராஜதந்திர அதிகாரி நம் சென்னைக் கல்லூரிகளில் உருவானவர் என்பது இன்று அந்த இரண்டு கல்லூரிகளிலும் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1948-ல் சிவில் சர்வீஸ் பரீட்சையில் தேறினார். நேர்முகத் தேர்வுக் குழுவில் இருந்தவர்கள், வெளியுறவுப் பணி பெண்ணுக்கு ஏற்றதல்ல, வேறு ஏதாவது எடுத்துக்கொள் என்று மனதைக் கலைக்கப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. 1949-ல் பணியில் சேர்ந்தபோது ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்பது அதன் சாரம். இருபத்தைந்து வயதுப் பெண் தன் வாழ்நாள் முழுவதற்குமாகப் போட்ட கையெழுத்து அது. அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

செய்துகொண்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லவேண்டும். வெளியுறவுப் பணியின் தொடக்கக் காலப் பெண்களில் ஒருவர் ரமா மேத்தா. அதே பணியில் இருந்த ஜகத் மேத்தாவை மணந்தார். ரமா வேலையை விடவேண்டியிருந்தது, ஜகத் தொடர்ந்தார். ஜகத் மேத்தா 1976-ல் வெளியுறவுச் செயலராகவே உயர்ந்தார். அவர் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. ரமா மேத்தா எழுத்துப் பக்கம் போனார். ராஜஸ்தானத்து ஹவேலிக்குள் மருமகளாக நுழையும் ஒரு பெண்ணைப் பற்றி அவர் எழுதிய ‘இன்சைட் தி ஹவேலி’ நாவலுக்கு 1979-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. இலக்கியத்துக்கு அது லாபம்தான். ஆனால் ஒரே வீட்டில், ஒரே பணியில் இருந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் அந்தப் பாதை மூடப்பட்டது ஏன் என்ற கேள்வியை அந்த லாபம் தீர்த்துவைக்காது.

முத்தம்மாவுக்கு முதல் வெளிநாட்டுப் பணி பாரிஸில். அதன்பின் ரங்கூன், லண்டன். டெல்லியில் இருந்த காலங்களில் வெளியுறவு அமைச்சகத்தில் பாகிஸ்தான் பிரிவு, அமெரிக்கப் பிரிவு. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, தூதராவதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன். தூதர் என்றவுடன் நமக்குக் கொடி கட்டிய காரும் விருந்தும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒரு தொழில்முறை ராஜதந்திரியின் வாழ்க்கையில் பெரும்பகுதி மேஜையில் கழிகிறது.

பரீட்சையில் தேறியதும் பயிற்சி. அதற்குப் பிறகு ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயமாகக் கற்கவேண்டும். அரபு, சீனம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் என்று ஏதாவது ஒன்று. அந்த மொழித் தேர்வில் தேறினால்தான் பணி நிரந்தரமாகும். முதல் நியமனம் மூன்றாம் செயலர். அப்புறம் இரண்டாம் செயலர், முதல் செயலர், கவுன்சிலர், மினிஸ்டர் என்று படிப்படியாகத்தான் ஏறவேண்டும். மூன்று ஆண்டு ஒரு நாடு, அடுத்த மூன்று ஆண்டு வேறொரு கண்டம், நடுவில் டெல்லி. சொகுசான ஊர் ஒன்று கிடைத்தால் அடுத்தது மருந்துக்கும் தண்ணீருக்கும் திண்டாடும் ஊராக இருக்கலாம்.

இளநிலை அதிகாரியின் வேலையை ஒரு சின்ன உதாரணத்தில் காட்டலாம். ஒரு தூதரகம் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதும் வழக்கமான கடிதத்தை ‘நோட் வெர்பால்’ என்பார்கள். அதில் ‘நான்’ என்ற பேச்சே வராது. இந்தியத் தூதரகம் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு, இன்ன விஷயத்தைக் கவனத்துக்குக் கொண்டுவருகிறது என்று படர்க்கையிலேயே தொடங்கும். தன் உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதிப்படுத்திக்கொள்வதாகச் சொல்லி முடியும். கீழே முழுக் கையெழுத்து இருக்காது. தூதரக முத்திரையும் சுருக்கொப்பமும் மட்டும். எழுதியவர் பெயர் எங்கும் தெரியாது. ஆனால் நடுவில் இருக்கும் இரண்டு பத்திகளில் ஒரு வினைச்சொல் பிசகினால், வேண்டுகோள் மிரட்டலாகிவிடும், கண்டனம் கெஞ்சலாகிவிடும். எதிர்த் தரப்பு அதிகாரியைச் சந்தித்துவிட்டு வந்தால், அவர் என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று நினைவு கலையும் முன் எழுதி முடிக்கவேண்டும். அது சங்கேதத் தந்தியாக டெல்லிக்குப் போகும். அங்கே அதைப் படிக்கிறவர் அந்த நாட்டைப் பார்க்காமலேயே அதை நம்பி முடிவெடுப்பார். பெயர் தெரியாமல் சரியாக எழுதுவதே இந்தத் தொழிலின் அடிப்படைப் பயிற்சி என்று நான் நினைக்கிறேன். பதவியைவிட எனக்கு அதன்மேல்தான் மரியாதை அதிகம்.

இன்னொரு பக்கம் தூதரகத்தின் கவுன்ட்டர். நம் ஊர்க் குடும்பங்களுக்குத் தூதரகம் என்றால் அதுதான். வளைகுடாவில் வேலை பார்த்த மகன் இறந்துபோனால், உடல் ஊர் வந்து சேர எத்தனை காகிதம் வேண்டும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மருத்துவமனை அறிக்கை, காவல்துறைச் சான்று, இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று, முதலாளியிடமிருந்து வரவேண்டிய பாக்கிக் கணக்கு. கடைசியில் தூதரகம் இறந்தவரின் பாஸ்போர்ட்டை ரத்து செய்து, தடையில்லாச் சான்று தரவேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை நாளில் அந்த ஒரு சான்றுக்காக அலுவலகத்தைத் திறந்துவைக்கும் இளம் அதிகாரி பிறகு தூதரானால், அவர் நல்ல தூதராக இருப்பார் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இந்தியாவுக்கு முத்தம்மாவுக்கு முன்பே ஒரு பெண் தூதர் இருந்தாரே என்று சிலருக்குத் தோன்றும். உண்மை. விஜயலட்சுமி பண்டிட் 1947-லேயே மாஸ்கோவுக்குத் தூதராகப் போனார். பிறகு வாஷிங்டன், லண்டன். 1953-ல் ஐ.நா. பொதுச்சபையின் தலைவராகவே இருந்தார். அவரது ஆற்றலைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அவர் அரசியல் வாழ்க்கையிலிருந்து அந்த இடத்துக்கு அனுப்பப்பட்டவர். முத்தம்மா பரீட்சை எழுதி, அடிமட்டத்தில் சேர்ந்து, கோப்பு கோப்பாகப் படித்து மேலே வந்தவர். தலைவரின் குடும்பத்துப் பெண்ணுக்குக் கிடைக்கும் இடம் ஓர் ஆசிரியரின் மகளுக்கும் விவசாயியின் மகளுக்கும் கிடைக்கவேண்டுமென்றால், இந்த இரண்டாவது வழி திறந்திருக்கவேண்டும். அதனால்தான் முத்தம்மாவின் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பணியில் சேர்ந்து இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 1970-ல், ஹங்கேரிக்கான இந்தியத் தூதராக முத்தம்மா நியமிக்கப்பட்டார். வெளியுறவுப் பணிக்குள்ளிருந்து தூதரான முதல் இந்தியப் பெண் அவர்தான்.

ஒருவரைத் தூதர் என்று அறிவிக்கும் முன் அவர் பெயரை அந்த நாட்டுக்கு ரகசியமாக அனுப்பி ஒப்புதல் கேட்பார்கள். அந்த நாடு மறுக்கலாம். மறுத்தால் காரணம் சொல்லவேண்டிய அவசியமில்லை. ஒப்புதல் வந்தபின்தான் பெயர் வெளியே தெரியும். குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட நியமனப் பத்திரம் ஒன்று தயாராகும். ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டின் தலைவருக்கு எழுதும் கடிதம் அது. இவரை நம்புங்கள், என் பெயரால் இவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள். அன்றைக்கு நம் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி. ஹங்கேரியில் அந்த இடத்தில் இருந்தவர் பால் லோஷோன்ஸி. முன்னாள் தூதரைத் திரும்ப அழைக்கும் கடிதத்தையும் இதனோடு சேர்த்துக் கொடுப்பது மரபு. தூதர்களின் வரிசையில் யாருக்கு முன்னிடம் என்பதும் நாட்டின் பெருமையைப் பொறுத்ததல்ல. பொறுப்பேற்ற தேதியையும் நேரத்தையும் பொறுத்தது. இந்த நியாயமான ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். முன்னால் வந்த சிறிய நாட்டுத் தூதருக்குப் பின்னால்தான் வல்லரசின் தூதர் நிற்கவேண்டும்.

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட் இந்தியாவுக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அல்ல. ஓவியர் அம்ரிதா ஷேர்-கில் 1913-ல் பிறந்தது அங்கேதான். 1926-ல் தாகூர் இதயச் சிகிச்சைக்காக அந்நாட்டின் பாலட்டன் ஏரிக்கரையில் தங்கியிருந்தபோது அங்கே ஒரு மரம் நட்டார். இப்படிப் பழைய அன்பு இருந்த நாடு. ஆனால் முத்தம்மா தூதராக நியமிக்கப்பட்ட அடுத்த ஆண்டே வங்கதேசப் போர் வந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்திருந்தார்கள். அந்த நிலைமையை உலகத் தலைநகரங்களில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு அந்த ஆண்டு எல்லா இந்தியத் தூதரகங்களின் தலையிலும் விழுந்தது. ஒரு தூதரகத்தின் தலைமைப் பொறுப்பு எவ்வளவு கனமானது என்பதற்கு அந்த ஆண்டைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஹங்கேரிக்குப் பிறகு ஆப்பிரிக்காவில் கானா. இவ்வளவு அனுபவத்துக்குப் பிறகு அவருக்கு முதல் நிலைப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம். வரவில்லை. அந்தப் பதவிக்கேற்ற தகுதி போதவில்லை என்று தேர்வுக் குழு முடிவு செய்தது. அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் முன்னால் போனார்கள்.

இந்த இடத்தில் பலரும் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகள்தானே, பெயரைக் கெடுத்துக்கொள்வானேன் என்று பொறுத்துப்போவார்கள். வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். அதுவும் மேலதிகாரிகளின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, வெளியே வாய்திறக்காமல் இருக்கப் பழக்கப்பட்ட துறை. முத்தம்மா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பெண் என்பதாலேயே தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது, இந்தத் துறையில் பெண்களுக்கு எதிரான பாகுபாடு நெடுங்காலமாக இருக்கிறது என்று மனுவில் எழுதினார். அதற்குச் சான்றாக அந்த இரண்டு விதிகளையும் எடுத்துவைத்தார். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்றும், அரசு வேலையில் பாலினத்தைக் காட்டி யாரையும் ஒதுக்கக்கூடாது என்றும் சொல்லும் அரசியல் சாசனத்துக்கு இந்த விதிகள் ஒவ்வுமா என்று கேட்டார். வெளிநாடுகளில் பல ஆண்டுகள் அந்த அரசியல் சாசனத்தின் பிரதிநிதியாக நின்றவர் அதே சாசனத்தைத் தம் சொந்த அமைச்சகத்துக்கு நினைவூட்டவேண்டி வந்தது. அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தத் துணிச்சல்தான்.

வழக்கு நீதிபதிகள் வி.ஆர். கிருஷ்ண ஐயர், பி.என். சிங்கால் முன் வந்தது. பாலக்காட்டில் பிறந்த கிருஷ்ண ஐயர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்தவர். 1979 செப்டம்பர் 17-ல் தீர்ப்பு வந்தது. அதற்குள் ஒன்று நடந்திருந்தது. வழக்குப் போட்ட பிறகு, அரசு முத்தம்மாவுக்கு அந்தப் பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. சில மாதங்களுக்கு முன் இல்லாத தகுதி இப்போது வந்துவிட்டதாம்! அரசின் சார்பில் சொலிசிட்டர் ஜெனரல், 18(4) விதி 1973-லேயே நீக்கப்பட்டுவிட்டது, 8(2) விதியும் நீக்கப்படப் போகிறது என்று சொன்னார்.

அரசே பின்வாங்கிவிட்டதால் வழக்கை அப்படியே மூடியிருக்கலாம். கிருஷ்ண ஐயர் மூடவில்லை. சுதந்திரம் வந்து ஒரு நூற்றாண்டின் மூன்றில் ஒரு பங்கு கழிந்த பிறகும் பெண்கள்மீதான இந்தப் பாரபட்சம் விதிகளில் ஊறிக் கிடக்கிறதே என்று வருந்தினார். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சலாகும் என்றால், அது ஆண் அதிகாரிக்கும் நேரக்கூடியதுதானே என்று கேட்டார். நம் வீடுகளில் நூறு வருஷமாகக் கேட்காமல் விட்ட கேள்வி அது. இடையில் பதவி உயர்வு பெற்ற இளையவர்களோடு ஒப்பிட்டு, முத்தம்மாவின் பணிமூப்பை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று அரசுக்கு உத்தரவிட்டார். பெண்களைப் பாகுபடுத்தும் எல்லாப் பணி விதிகளையும், இன்னொருவர் வழக்குப் போடும்வரை காத்திராமல், சீர்திருத்தவேண்டியதன் அவசியத்தையும் வலியுறுத்தினார். மனுவைத் தள்ளுபடி செய்கிறோம், ஆனால் பிரச்சினையைத் தள்ளுபடி செய்யவில்லை என்று தீர்ப்பை முடித்தார்.

தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லாத ஓரிடமும் உண்டு. எல்லா வேலைகளிலும் எல்லாச் சூழ்நிலைகளிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று நாங்கள் பொதுவிதியாகச் சொல்லவில்லை, சில வேலைகளின் தன்மை ஆண், பெண் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதைக் கட்டாயமாக்கலாம் என்று ஒரு வாசகம் அதில் வருகிறது. அவ்வளவு தெளிவாகப் பேசிய ஒரு தீர்ப்பு இப்படி ஒரு சந்து விட்டிருக்கவேண்டாம். இரண்டே ஆண்டுகளில், 1981-ல், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களின் வழக்கு வந்தது. முதல் பிரசவத்தோடு வேலையை விட்டு அனுப்பும் விதியை உச்ச நீதிமன்றம் அடித்து நொறுக்கியது. ஆனால் பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்யக்கூடாது என்ற விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. ஒரு பெண் எப்போது மணம் செய்யலாம் என்பதை முதலாளி சொல்லலாம் என்ற எண்ணம் முத்தம்மா வழக்கோடு முடிந்துவிடவில்லை.

முத்தம்மாவின் கடைசித் தூதர் பதவி நெதர்லாந்தில், திஹேக் நகரத்தில். அங்கேதான் சர்வதேச நீதிமன்றம் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் சுவீடனின் ஓலோஃப் பால்மே ஆயுதக் குறைப்புக்காக ஒரு சுதந்திர ஆணையத்தை அமைத்தபோது, அதில் இந்தியாவின் சார்பில் இருந்தவர் முத்தம்மா. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ், சோவியத்தின் கியோர்கி அர்பத்தோவ், நைஜீரியாவின் ஒலுசெகுன் ஒபசாஞ்சோ, நார்வேயின் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் ஆகியோரும் அதில் இருந்தார்கள். அணு ஆயுத யுகத்தில் எதிரியை அச்சுறுத்தி எந்த நாடும் பாதுகாப்பாக இருக்க முடியாது, எதிரியோடு சேர்ந்துதான் பாதுகாப்பைத் தேடமுடியும் என்று அந்த ஆணையம் 1982-ல் அறிக்கை தந்தது. தகுதி போதவில்லை என்று ஒதுக்கப்பட்டவர் உட்கார்ந்த மேஜை அது.

32 ஆண்டு பணிக்குப் பிறகு 1982-ல் ஓய்வுபெற்றார். டெல்லியில் தமக்கிருந்த 15 ஏக்கர் நிலத்தை, ஆதரவற்ற குழந்தைகளுக்காக அன்னை தெரசாவின் சபைக்குக் கொடுத்துவிட்டார். தம் அனுபவங்களையும் கருத்துகளையும் கட்டுரைகளாக எழுதி, ‘ஸ்லெயின் பை தி சிஸ்டம்’ என்ற தலைப்பில் 2003-ல் நூலாக்கினார். குடகுச் சமையலைப் பற்றியும் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். நாடு நாடாகச் சுற்றியவர் கடைசியில் சொந்த ஊர்ச் சமையலை எழுதிவைத்தார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். அம்மா, உங்கள் மகள் யாரிடமும் அனுமதி கேட்டுத் திருமணம் செய்யவேண்டியதில்லை. திருமணம் ஆனதற்காக ராஜினாமா கடிதமும் கொடுக்கவேண்டியதில்லை. 1964-ல் பணியில் சேர்ந்த சோக்கிலா ஐயர் 2001-ல் வெளியுறவுத் துறையின் முதல் பெண் செயலரானார். நிருபமா ராவ் 1973-ல் சேர்ந்தபோது 8(2) விதி புத்தகத்தில் இருந்தது. சுனாமி வந்த நேரத்தில் அவர் கொழும்பில் நம் ஹைகமிஷனர். பிறகு சீனாவில் தூதர். 2009 ஆகஸ்டில் வெளியுறவுச் செயலர். இரண்டு பெண்கள் அந்த உச்சப் பதவிக்கு வந்ததை முத்தம்மா உயிரோடு இருந்தே பார்த்தார். 2015-ல் சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையிழப்பு உள்ள ஒருவர் அந்தப் பணிக்கு வந்தது அதுவே முதல் தடவை.

கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடமும் மொழியும் மாற்றவேண்டும். கணவர் தன் வேலையை என்ன செய்வது என்ற கேள்வி வரும். இதுவரை தூதர்களின் மனைவிகள்தான் அதற்குப் பதில் தேடினார்கள். இனி மருமகன்களும் தேடட்டும். உங்களுக்கு வரப்போகும் மருமகனிடம் இதைக் கல்யாணப் பேச்சின்போதே கேட்டுவிடுங்கள். பெண் சமைப்பாளா என்று அவர்கள் கேட்பதைவிட இது அவசியமான கேள்வி.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். வெளியுறவுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற தமிழர்கள், அவர்களின் கணவர்கள், மனைவிகள், பிள்ளைகள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். வெளிநாட்டில் நெருக்கடியான நேரத்தில் தூதரகக் கவுன்ட்டர் முன் நின்ற குடும்பங்களும் உண்டு. உதவி கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும், நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, என்னென்ன காகிதம் கேட்டார்கள், யார் துணைக்கு நின்றார்கள் என்று விவரமாக எழுதினால் அடுத்து போகிறவர்களுக்குப் பயன்படும். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். டிசம்பர் இதழில் இதற்காகப் பக்கங்களை ஒதுக்கிவைத்திருக்கிறோம். கடிதங்கள் நவம்பர் 10-க்குள் வந்து சேரவேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்